ஆடிட் படிவத்தில் இல்லாத ஒரு கட்டம்

ஆயத்த ஆடைத் தொழிலாளர்களைப் பற்றிய என் ஆய்வுக்காகத் தொழிற்சாலை ஆடிட் படிவங்களை நிறையப் படிக்கிறேன். தீயணைப்பான் எத்தனை, அவசர வழி பூட்டாமல் இருக்கிறதா, தையல் எந்திரத்தில் ஊசிக் காப்பு உண்டா என்று ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. லைனில் தைப்பவர்கள் எந்தச் சாதி, அவர்களை அதட்டி வேலை வாங்குபவர் எந்தச் சாதி என்று கேட்கும் கட்டத்தை இதுவரை நான் பார்த்ததில்லை. கேட்டால், "நாங்க சாதியெல்லாம் பாக்குறதில்லைங்க மேடம்" என்கிறார்கள் ஹெச்.ஆர். அதிகாரிகள். பார்க்காமல் இருப்பதுதான் பிரச்சினை.

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். அதற்கு முன்பே அவர் பாலியல் தொல்லை கொடுத்துவந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. 10 பேர் வேலை செய்யும் இடத்தில்கூட உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும்.

அந்தச் சட்டத்தின் பிறப்பையே நாம் பாதிதான் பேசுகிறோம். 1992இல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் அரசுத் திட்டப் பணியாளரான குயவர் சமூகத்துப் பன்வாரி தேவி, ஆதிக்கச் சாதி ஆண்களால் கூட்டு வன்புணர்வு செய்யப்பட்டார். மேல்சாதிக்காரர் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார் என்ற ரீதியில் வாதம் எழுதி, 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இந்த வழக்கின் தொடர்ச்சியாக எழுந்ததுதான் 1997இன் விசாகா வழிகாட்டுதல்கள், அதன் வழியாக 2013 சட்டம். சாதிய வன்முறையிலிருந்து பிறந்த சட்டம், எழுத்தில் வரும்போது பாலினத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாதியைக் கழற்றிவிட்டது.

ஆலைக்குள் சாதி தனியாக இயங்குவதில்லை, டார்கெட்டோடு சேர்ந்தே இயங்குகிறது. பிராண்ட் விலையைக் குறைக்கிறது, டெலிவரி நாளை முன்னே இழுக்கிறது. அந்த அழுத்தம் மேலாளர் வழியாகச் சூப்பர்வைசருக்கு வந்து, "இந்த மணிக்கு இத்தனை பீஸ் வரல" என்ற கத்தலாக லைனில் இறங்குகிறது. யாரைக் கத்தலாம், யாரைக் கெட்ட வார்த்தையில் திட்டலாம், யார் வீட்டிலிருந்து கேட்க ஆள் வராது என்பதை ஊர் ஏற்கனவே சொல்லிக் கொடுத்திருக்கிறது. இதற்கு மருந்தாக நிர்வாகங்கள் யோகா வகுப்பும் மகளிர் தின ரோஜாவும் தருகின்றன. (ரோஜா கொடுக்கும் புகைப்படம் மட்டும் ஆண்டறிக்கையில் தவறாமல் வந்துவிடும்.)

அந்தக் கொலைக்குப் பிறகு, தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இழப்பீட்டோடு நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் வந்த திண்டுக்கல் ஒப்பந்தம் பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆலை நிர்வாகம் கையெழுத்திட்டது. ஹெச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளும் கட்டுப்பட்டன. நிர்வாகம் மீறினால் ஆர்டரில் அடி விழும். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: தொல்லையைக் கவனித்துச் சொல்ல, தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து லைனில் நிறுத்தினார்கள். ஹெச்.ஆர். அறைக் கதவைத் தட்டத் தயங்கும் பெண், பக்கத்து எந்திரத்து அக்காவிடம் சொல்லலாம். சொன்னதற்காகப் பழிவாங்கவும் தடை.

ஆனால் இது கையெழுத்திட்ட ஆலைகளுக்கு மட்டுமே. அதே பிராண்டுக்குத் தைக்கும் அடுத்த ஊர் ஆலையை இது தொடாது.

அரசு இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2013 சட்டப்படி ஒவ்வொரு புகார்க் குழுவும் மாவட்ட அதிகாரிக்கு ஆண்டறிக்கை தர வேண்டும். ஆயிரம் பெண்கள் வேலை செய்யும் ஆலை "புகார் பூஜ்யம்" என்று எழுதினால் அதைப் பாராட்டாமல் ஆய்வுக்கு அனுப்புங்கள். புகார் வந்த இடங்களில் இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: புகார் கொடுத்தவர் என்ன சாதி? ஓராண்டு கழித்தும் அவர் அதே லைனில் வேலை செய்கிறாரா?