காலில் கட்டிய சீட்டு

பாடம் செய்து வைத்த பறவையின் காலில் ஒரு சிறிய சீட்டு தொங்கும். எந்த ஊரில், எப்போது, யார் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கும். பார்ப்பவர்கள் இறகின் அழகை மெச்சுவார்கள். சீட்டை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் சீட்டு போனால் பறவையின் மதிப்பில் பெரும்பகுதி போயிற்று.

இதை நன்றாக அறிந்தவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். இங்கிலாந்துக்காரர், பணக்காரர் அல்ல. 1854 முதல் 1862 வரை, இன்று மலேசியா, இந்தோனேசியா என்று சொல்லப்படும் நாடுகளில் தீவு தீவாகச் சுற்றினார். பூச்சி, பறவை, விலங்கு எல்லாம் சேர்த்து 1,25,660 உருப்படிகளைச் சேகரித்தார். அதில் பறவைகள் மட்டும் 8,050. பலவற்றை லண்டனுக்கு அனுப்பி விற்று, அந்தக் காசில்தான் பயணம் நடந்தது.

வேலை லேசானது அல்ல. சுட்ட பறவை கெடுவதற்குள் தோலை உரிக்க வேண்டும். உள்பக்கம் பாஷாணம் தடவிப் பஞ்சு அடைக்க வேண்டும். லோம்போக் தீவில் எறும்புத் தொல்லை தாங்கவில்லை. ஒரு பெஞ்சின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சிகளில் நிறுத்தினார் வாலஸ். பறவைகள் பிழைத்தன! நம் வீட்டுப் பெண்கள் சோற்றுப் பானைக்குச் செய்யும் உபாயம்தான் இது.

பறவைகளைக் கொல்வது பாவம் இல்லையா என்று குழந்தைகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்று படமும் ஒலிப்பதிவும் இருக்கின்றன. சுடுவது மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் அன்று கொன்ற பறவை வீணாகாமல் இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் அந்தச் சீட்டே.

1856-ல் வாலஸ் பாலித் தீவிலிருந்து லோம்போக்குக்குப் போனார். இரண்டுக்கும் இடையே உள்ள கடல், குறுகிய இடத்தில் இருபது மைல்கூட இல்லை. பாலியில் குக்குறுவான்கள் இருந்தன. லோம்போக்கில் அவை இல்லை. அங்கே காக்கட்டூ என்னும் வெள்ளைக் கிளிகள் இருந்தன. ஒரு கரையில் ஆசியப் பறவைகள். மறு கரையில் ஆஸ்திரேலியாவின் சொந்தங்கள்! நடுவே உள்ள எல்லையை உலகம் இன்று ‘வாலஸ் கோடு’ என்கிறது. இரண்டு தீவுப் பறவைகளையும் ஊர்ப் பெயர் இல்லாமல் ஒரே பெட்டியில் போட்டிருந்தால் அந்தக் கோடு யார் கண்ணில் பட்டிருக்கும்?

2009-ம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் திருடன் புகுந்தான். 299 பறவைத் தோல்களை அள்ளிச் சென்றான். வாலஸ் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. தூண்டிலில் கட்டும் இறகுப் பூச்சி செய்கிறவர்கள் அந்த இறகுகளுக்கு நல்ல விலை கொடுப்பார்கள். ஆள் பிடிபட்டான். பல தோல்கள் திரும்பி வந்தன. ஆனால் பலவற்றின் காலில் சீட்டு இல்லை! எந்தத் தீவு, எந்த ஆண்டு என்று இனி யாரைக் கேட்பது? பழைய தோலின் காலிலிருந்து துளி எடுத்து அந்தப் பறவையின் வம்சத்தையே இன்று அறியலாம். ஊர் தெரியாத பறவையில் அந்தச் சோதனை பாதிப் பயன்கூடத் தராது. இறகுத் திருட்டு என்று இதைச் சிறியதாக எண்ணுவது தவறு.

சீட்டு சொல்லாத செய்தியும் உண்டு. அலி என்ற மலாய்ப் பையன் 1855-ல் சரவாக்கில் வாலஸிடம் வேலைக்குச் சேர்ந்தான். சமைத்தான். மலாய் மொழி பேசப் பழக்கினான். சுடவும் தோல் உரிக்கவும் தேர்ந்தான். 1858-ல் பச்சான் தீவில் ஒரு விசித்திரப் பறவையைச் சுட்டுக்கொண்டு வந்தான். மார்பில் பச்சைக் கவசம். ஒவ்வொரு தோளிலிருந்தும் இரண்டு நீண்ட வெள்ளை இறகுகள். அதுவரை விஞ்ஞானம் அறியாத சொர்க்கப் பறவை அது. அடுத்த ஆண்டு அதற்கு லண்டனில் பெயர் வைத்தார்கள். பெயரில் வாலஸ் இருக்கிறார், அலி இல்லை.

வாலஸ் அலியை மறக்கவில்லை. 1905-ல் வெளியிட்ட தன் வரலாற்றில் அலியின் படத்தைப் போட்டார். 1907-ல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்கர் டெர்னாட்டே தீவுக்குப் போனார். அங்கே ஒரு கிழவர் அவர் எதிரே வந்து நின்று, தம் பெயரைச் சொன்னார்: அலி வாலஸ்.