புதிய ஹவுஸ் இசை ஏன் இன்னும் இசைத்தட்டில் வருகிறது? அதுவும் 300 பிரதி மட்டும்?

"வினைல் மறுபடியும் வந்துவிட்டது!" இந்தத் தலைப்பை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். எண்களும் அதைத்தான் சொல்கின்றன. 2022இல் அமெரிக்காவில் சுமார் 41 மில்லியன் வினைல் இசைத்தட்டுகள் விற்பனையாயின. சிடி 33 மில்லியன்தான். விற்பனை எண்ணிக்கையில் வினைல் சிடியை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல்முறை.

ஆனால் ஹவுஸ், டெக்னோ போன்ற மின்னணு நடன இசைக்கு இந்தத் தலைப்பு பொருந்தாது. அங்கே வினைல் எங்கேயும் போகவே இல்லை. சொல்லப்போனால், மற்றவர்கள் எல்லாரும் வினைலுக்குத் திரும்பி வந்ததுதான் ஹவுஸ் இசைத்தட்டுகளுக்குத் தலைவலி ஆகிவிட்டது. எப்படி என்று பார்ப்போமா?

தட்டுக்கும் நடனத்துக்கும் என்ன சம்பந்தம்?

1976இல் அமெரிக்காவின் சால்சோல் நிறுவனம் 'டபுள் எக்ஸ்போஷர்' குழுவின் 'டென் பர்சென்ட்' பாடலை 12 அங்குலத் தட்டில் விற்பனைக்கு விட்டது. ஒரே ஒரு பாட்டுக்கு அவ்வளவு பெரிய தட்டு! பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் 12 அங்குல சிங்கிள் அதுதான்.

இடத்தை வீணாக்குவது போலத் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது. பேஸ் ஒலி அதிகமாக இருந்தால் தட்டில் வெட்டப்படும் பள்ளம் பக்கவாட்டில் அகலமாக ஆடும். ஒரு பக்கத்தில் 25 நிமிட இசையைத் திணித்தால் பள்ளங்களை நெருக்கி வெட்டவேண்டும், சத்தத்தைக் குறைக்கவேண்டும். ஒன்றிரண்டு பாட்டு மட்டும் என்றால் தாராளமாக வெட்டலாம். நெஞ்சில் இடிக்கும் அந்த பேஸ் அப்படித்தான் தட்டுக்குள் வருகிறது. இன்றும் ஒரு ஹவுஸ் தட்டில் இரண்டு முதல் நான்கு பாட்டு மட்டும் இருப்பது அதனால்தான்.

சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்ற விடுதியில் ஃபிராங்கி நக்கல்ஸ் இசை போட்டார். அந்த விடுதியின் பெயரிலிருந்துதான் 'ஹவுஸ்' வந்தது என்பார்கள். முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரும் சொல்வது 1984இல் ஜெசி சாண்டர்ஸ் வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்'. இந்த இசை இரண்டு தட்டுச்சுழலிகளை வைத்துக் கலக்குவதற்காகவே செய்யப்பட்டது. ஹவுஸ் பாட்டைக் கேட்கும்போது முதல் ஒரு நிமிடம் வெறும் டிரம் மட்டும் ஓடும், கவனித்திருக்கிறீர்களா? "இன்னும் பாட்டே ஆரம்பிக்கலையே" என்று தோன்றும். முந்தைய பாட்டோடு இணைப்பதற்காக டிஜேக்கு விட்ட இடம் அது. சிங்கப்பூரில் 1991இல் ஜியாக் கிம் ஸ்திரீட்டில் திறக்கப்பட்ட 'ஸூக்' விடுதிதான் இந்த இசையை நம்மூரில் பலருக்கு அறிமுகப்படுத்தியது.

பிறகு காலம் மாறியது. 2001இல் பயனியரின் சிடிஜே-1000, 2004இல் நடன இசையைக் கோப்புகளாக விற்கும் பீட்போர்ட். டிஜேக்களின் கனமான பெட்டி ஒரு யூஎஸ்பி ஆகிவிட்டது. டிஜேக்களின் அடையாளமாகவே இருந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 தட்டுச்சுழலியின் உற்பத்தியை 2010இல் நிறுத்தினார்கள் (2016இல் மறுபடி கொண்டுவந்தார்கள்). அந்த வறண்ட ஆண்டுகளிலும் தட்டு அச்சடிக்கும் ஆலைகளுக்கு விடாமல் வேலை கொடுத்தவர்களில் சின்னச் சின்ன நடன இசை லேபிள்களும் அடக்கம்.

அப்போ பிரச்சினை எங்கே?

வரிசையில்தான்.

ஒரு தட்டை அச்சிட முதலில் அரக்குப் பூசிய மூலத்தட்டில் இசையை வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சை வைத்துத்தான் சூடான பிளாஸ்டிக்கை அழுத்துவார்கள். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனது. அந்த அரக்குத் தட்டுகளைத் தயாரிக்கும் ஆலைகள் உலகத்திலேயே இரண்டுதான். மிஞ்சியது ஜப்பானில் உள்ள ஒன்று.

அடுத்த மாதமே உலகம் முடங்கியது. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் வினைல் வாங்கத் தொடங்கினார்கள். பெரிய நிறுவனங்களும் களத்தில் இறங்கின. 2021இல் அடெல் வெளியிட்ட '30' தொகுப்புக்கு மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் அச்சிடப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அதே ஆலையின் வாசலில் 300 பிரதி கேட்டு நிற்கும் ஒரு ஹவுஸ் லேபிளை நினைத்துப் பாருங்கள். சில மாதத்தில் கிடைக்கவேண்டிய தட்டு ஓராண்டுவரை இழுத்தது. கோடைக் கொண்டாட்டத்துக்கு என்று செய்த பாட்டு அடுத்த கோடையில் வந்தால் என்ன செய்வது? புதிய ஆலைகள் திறந்த பிறகு இப்போது வரிசை குறைந்திருக்கிறது. விலை குறையவில்லை.

300 பிரதி போட்டு என்ன லாபம்?

பெரும்பாலும் ஒன்றுமில்லை. சின்னதாக ஒரு கணக்கு. மூலத்தட்டு வெட்ட, அச்சு எடுக்க, சோதனைப் பிரதி பார்க்க என்று ஆகும் செலவை, உதாரணத்துக்கு 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 10,000 பிரதி போட்டால் ஒரு தட்டுக்கு 15 காசு. 300 மட்டும் போட்டால் 5 வெள்ளி. அதன்மேல் பிளாஸ்டிக், உறை, விநியோகஸ்தர் பங்கு, கடைக்காரர் பங்கு எல்லாம் ஏறும். பெரிய நட்சத்திரத்தின் தட்டும் ஹவுஸ் தட்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் கணக்கு ஒன்றல்ல.

இருந்தும் ஏன் போடுகிறார்கள்? ஒரு காரணம், ஒலித்தளங்களில் ஒருமுறை கேட்டால் கிடைப்பது ஒரு காசில் ஒரு பகுதி. பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் ரசிகரே நேரடியாக வாங்கினால், தட்டு விற்பனையில் தளம் எடுப்பது 10 விழுக்காடு. 300 பேர் வாங்கினால் அடுத்த தட்டுக்குப் பணம் திரும்பும்.

இன்னொரு காரணத்துக்கு சரண்ஜித் சிங்கின் கதை போதும். மும்பை திரையிசைக் கலைஞரான இவர் 1982இல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற தொகுப்பை வெளியிட்டார். ரோலண்ட் டிபி-303 கருவியில் ராகங்கள்! சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' தட்டு வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே. அந்தக் கருவியை அவர் வாங்கியது எங்கே தெரியுமா? சிங்கப்பூரில். தொகுப்பு அப்போது யாரையும் ஈர்க்கவில்லை. பிறகு டெல்லியில் ஒரு பழைய கடையில் அந்தத் தட்டு ஒரு நெதர்லாந்துக்காரர் கையில் சிக்கியது. 2010இல் மறுபதிப்பு வந்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. தட்டாக இல்லாமல் ஏதோ ஒரு சர்வரில் கோப்பாக மட்டும் இருந்திருந்தால்? சந்தா கட்டாமல், யார் அனுமதியும் கேட்காமல் 20 ஆண்டு அலமாரியில் கிடக்கும் பொறுமை தட்டுக்குத்தான் உண்டு.

அதற்காக "வினைலில் மட்டும், வேறெங்கும் கிடையாது" என்று வெளியிடுவதை நான் முழுசாக ஆதரிக்கமாட்டேன். 300 பிரதி விற்றுத் தீர்ந்ததும் டிஸ்காக்ஸ் தளத்தில் அதையே பல மடங்கு விலைக்கு விற்பார்கள். அந்தக் கூடுதல் பணத்தில் கலைஞருக்கு ஒரு காசு வராது. (டிஸ்காக்ஸ் 2000இல் தொடங்கியதே மின்னணு இசைத்தட்டுகளைப் பட்டியலிடத்தான்.) தட்டும் போடுங்கள், கோப்பையும் விற்றுவிடுங்கள்.

பழைய ஹவுஸ் தட்டுகளின் மறுபதிப்பை வாங்கும்போதும் பணம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஹவுஸ் இசையின் முன்னோடி லாரி ஹெர்ட், பாடகர் ராபர்ட் ஓவன்ஸ் இருவரும் தங்கள் 1980களின் பாடல்களுக்காக டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ்மீது 2020இல் வழக்குப் போட்டார்கள். உரிமை அவர்கள் கைக்குத் திரும்பியது 2022இல்தான்.

இங்கே வாங்குவது என்றால்?

நம்மூரிலேயே 'டார்க்கர் தேன் வேக்ஸ்' என்ற லேபிள் 2011இலிருந்து இயங்குகிறது. அவர்கள் வெளியீடுகளிலிருந்து தொடங்கலாம். ஐரோப்பாவிலிருந்து தருவிப்பதாக இருந்தால் தட்டைவிடத் தபால் செலவு பயமுறுத்தும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்தால் கட்டுப்படியாகும். 2023 முதல், இங்கே பொருள் சேவை வரிக்குப் பதிந்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினால் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் வரி உண்டு. இப்போது 9 விழுக்காடு. பிடித்த லேபிள் என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். எத்தனை பேர் முன்பதிவு செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் சில லேபிள்கள் எத்தனை பிரதி போடுவது என்றே முடிவெடுக்கின்றன.

"வினைலில்தான் இசைக்கு இயற்கையான இதம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் கடந்துவிடுங்கள். இன்றைய ஹவுஸ் பெரும்பாலும் கணினியில் உருவாகும் இசைதான்.

கடைசியாக ஒன்று. ஹவுஸ் தட்டுகளில் நிமிடத்துக்கு 45 சுற்றா 33 சுற்றா என்று அச்சிட மறந்துவிடுவது சகஜம். தப்பான வேகத்தில் போட்டுவிட்டால் கவலைப்படாதீர்கள். 1980களில் பெல்ஜியத்தில் ஒரு டிஜே 45இல் ஓடவேண்டிய தட்டை 33இல் ஓடவிட்டார். ஆடியவர்களுக்கு அது பிடித்துப்போய் 'நியூ பீட்' என்ற தனி இசைவகையே பிறந்துவிட்டது.