ஊரும் வரவும்

ஆங்கிலத்தைத் தமிழாக்கப் புகும் மாணவர் பலர் ஒரு சிறு தொடரில் இடறுதலை நாம் காண்கிறோம். ஆங்கிலர் வினையொன்றோடு சிறு சொல்லைக் கூட்டிப் புதுப்பொருள் பெறுவர். 'கம் பிரம்' என்பது அவ்வகையது. அது வருதலையுங் குறிக்கும். ஒருவரது ஊரையும், ஒரு பொருளின் மூலத்தையுங் குறிக்கும். அதனை அப்படியே பெயர்த்து, 'நான் ஈரோட்டிலிருந்து வருகிறேன்' என்றெழுதுகின்றனர். கொங்குநாட்டுப் பெரியவரொருவர் இதனைக் கேட்பின், "ஏனுங்க தம்பி, எந்த பஸ்ஸுல வந்தீங்க?" என்றன்றோ வினவுவார்! "எந்த ஊருங்க?" என்று அவர் கேட்டால், "ஈரோடுங்க" என்பதே விடை. அதற்கு வினைச்சொல் ஒன்றும் வேண்டா.

ஐந்தாம் வேற்றுமைக்கு இல், இன் என்பவற்றை உருபாகக் கூறும் நன்னூல், நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருளை அதற்கு வகுத்தது. அந்நூலியற்றிய பவணந்தி முனிவர் சீனாபுரத்தவர் என்று கொங்குநாட்டார் உரிமை பாராட்டுவர். அவ்வுருபுகளோடு வழக்கிற் சேரும் 'நின்று', 'இருந்து' என்பன நிற்றல், இருத்தல் என்னும் வினைகளின் எச்சங்களே. எனவே 'இருந்து வருகிறேன்' என்பது, ஓரிடத்தே இருந்து பின் புறப்பட்டு வருஞ் செலவையே நமக்கு உணர்த்தும்.

தோற்றத்தைக் கூற வேறு சொற்கள் உள. நொய்யல் வெள்ளியங்கிரி மலையிற் பிறக்கிறது. சிறுவாணித் தண்ணீரோ மலையிலிருந்து கோயம்புத்தூருக்கு வருகிறது. முன்னது பிறப்பு, பின்னது வரவு. 'கட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழிலிருந்து வருவதன்று. கட்டுமரம் என்னுஞ் சொல்லிற் பிறந்தது. பழைய தமிழ் வேதாகமமும் யோசேப்பை அரிமத்தியா ஊரான் என்றே சுட்டுகிறது.

பிறமொழி வழக்கை ஏற்பதால் மொழி வளருமன்றோ எனச் சிலர் கேட்பர். புதுப்பொருளோடு அதன் பெயரும் வருதல் வளர்ச்சியே. ரயிலையும் காப்பியையும் நாம் வெறுத்திலோம். இவ்வழக்கோ நம்மிடம் இல்லாததொன்றைத் தருவதன்று. இருக்கும் வேறுபாட்டை அழிப்பது. 'மருத்துவர் சென்னையிலிருந்து வருகிறார்' என்று கேட்கும் நோயாளி, அவர் சென்னைக்காரரா, இப்பொழுது வழியில் உள்ளாரா என்று எங்ஙனம் அறிவான்? அவன் காத்திருப்பதா, வீடு திரும்புவதா?

ஆதலின் நண்பர்காள், எழுதுமுன் நம் வீட்டுப் பெரியோர் இதனை எவ்வாறு சொல்லுவர் என வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போமாக. அகராதி காட்டாத பொருள் வேறுபாட்டை அவர்தம் நாவு காட்டும்.