விழிஞ்ஞம் துறைமுகமும் கரைவாழ் மக்களின் தொழிலும்

இயந்திரம் ஒரு தொழிலில் புகும்பொழுது எத்தனை பேர் வேலை இழப்பர் என்று கேட்பது வழக்கம். விழிஞ்ஞத்திற்கு இக்கேள்வி முழுதும் பொருந்தாது. பெருங்கப்பல்கள் சரக்கிறக்கும் துறை முன்னர் அங்கு இருந்ததில்லை. புதிய வேலைக்குரிய அனுமதிச் சீட்டு எது, அது யார் கைக்கு எட்டும் என்பதே அங்கு எழும் கேள்வி.

முற்காலத் துறைமுகங்களில் உடல்வலிமையே அச்சீட்டு. கொச்சியில், கூடிநிற்கும் தொழிலாளர் நடுவே உலோக வில்லைகளை வீசியெறிவர். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கே அன்றைய கூலி. 'சாப்பா' எனப்பட்ட இவ்விழிந்த முறையை எதிர்த்து 1953இல் மட்டாஞ்சேரியில் எழுந்த போராட்டம் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காயிற்று.

2024 ஜூலையில் முதற் கொள்கலக் கப்பலை வரவேற்று, 2025 மே 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தில் தோள்வலிமைக்கு அத்தகைய இடமில்லை. பெட்டிகளை அடுக்கும் பாரந்தூக்கிகளின் உச்சியில் ஆள் அமர்வதில்லை; தொலைவிலுள்ள அறையிலிருந்து, திரையை நோக்கியவாறு அவற்றை இயக்குகின்றனர். இப்பணியில் உள்ளூர் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களும் அமர்ந்துள்ளனர். இது மெய்யான முன்னேற்றமே. எனினும் வில்லை இருந்த இடத்தில் இப்பொழுது சான்றிதழ் இருக்கிறது. அது வீசியெறியப்படுவதில்லை என்பது உண்மை. ஆயினும் பள்ளியை இடையில் விட்டவன் கைக்கு அதுவும் எட்டாது.

2022இல் ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை துறைமுக வாயிலில் போராடிய மீனவர் கடலரிப்பையும் வீடிழப்பையுமே முதன்மையாக முறையிட்டனர். அவர்களுள் நாற்பது வயதைக் கடந்தவர்க்குத் திரையறை வேலை கிட்டுவது அரிது. ஆனால் அவர்கள் கல்லாதவர் அல்லர். கரையிலுள்ள குன்று, கோபுரம் முதலிய அடையாளங்களை இரண்டிரண்டாக ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, நீருக்கடியிலுள்ள பாரைத் தப்பாமல் கண்டறிவர். இழுவைப் படகிலும் வழிகாட்டிப் படகிலும் கப்பலைக் கட்டும் பணியிலும் இத்தகைய கடலறிவுக்குப் பயனுண்டு. அனுபவத்தால் பெற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை மத்திய அரசின் திறன்மேம்பாட்டுத் திட்டத்தில் ஏற்கெனவே உள்ளது. அதனைக் கடற்றொழிலுக்கும் தாராளமாக விரிப்பதே நீதி. களப்பணியாளர் இத்தகையோரைக் கண்டு பட்டியலிட்டாலே பாதி வேலை ஆகிவிடும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. மீனவர் பாரைக் காணும் முறை, இரு நேர்கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டும் வடிவகணிதமே அன்றி வேறன்று. கரையோரப் பள்ளியில் அப்பாடத்தை மாணவியின் தந்தையையே அழைத்து நடத்தலாம். அடுத்த வாரம் அவ்வகுப்பைத் துறைமுகத்தின் திரையறைக்கு அழைத்துச் செல்ல அனுமதி கேட்கலாம்.