தும்மல் மாத்திரையும் தளர்ந்த கால்களும்



கரிசல் களங்களில் மிளகாய் வற்றல் காயும் நாட்களில் தும்மாதவர் எவர்? உடனே ஓர் அவில் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பது நம் புதூர்ப் பக்கத்து வழக்கம். அந்த ஒவ்வாமை மருந்துகளின் இனத்தைச் சேர்ந்த பழைய மருந்து ஒன்றுக்குக் கிளெமாஸ்டின் என்று பெயர். தளர்ந்த கால்களை அது நிமிர்த்திவிடும் என்ற செய்தி சில இல்லங்களை எட்டியுள்ளது. வாங்கிக் கொடுக்கலாமா என வினவுகின்றனர். ஆதலின் சற்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றொரு நோய் உண்டு. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை, மின்கம்பியின் மேலுறைபோல் அமைந்துள்ளது. உடலின் காவற்படையே வழிதவறி அவ்வுறையை அரித்துவிடுவதால், மூளையின் கட்டளை கைகால்களை ஒழுங்காகச் சென்றடைவதில்லை. பார்வை மங்கும், நடை தள்ளாடும், முற்றினால் கால்கள் செயலிழக்கும். பெரும்பாலும் இளம் வயதினரையே, அவர்களுள்ளும் பெண்களையே இது மிகுதியாகப் பற்றுகிறது. மேனாடுகளைவிட நம் நாட்டில் குறைவு; ஆயினும் இல்லாமலில்லை. இப்போதுள்ள மருந்துகள் அரிப்பைத் தணிக்குமேயன்றி, அழிந்த உறையை மீட்டுத் தருவதில்லை.

இங்குதான் தும்மல் மருந்து நுழைகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ மருத்துவ ஆய்வாளர்கள், ஏற்கெனவே புழக்கத்திலிருந்த மருந்துகளைப் பெருந்தொகையாகச் சோதித்து, உறையை நெய்யும் உயிரணுக்களைக் கிளெமாஸ்டின் தூண்டுவதை 2014 இல் கண்டனர். பின்னர் இந்நோயால் பார்வை நரம்பு பழுதுற்ற 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்தனர். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தியின் தாமதம் சராசரியாக 1.7 மில்லிவினாடி குறைந்தது என 2017 இல் வெளியிட்டனர். எள்ளளவுதான். எனினும் அழிந்த உறை மனித உடலில் மீளக்கூடும் என்பதற்கு அது அரிய சான்று, மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் முடங்கியவர் எழுந்து நடந்தார் என்று அவ்வாய்வு எங்கும் கூறவில்லை. சேர்த்துச் சொன்னவர்கள் நம்மவர்கள்! அயர்ச்சி மிகுந்ததையும் அவ்வாய்வு குறித்துள்ளது.

அடுத்து நிகழ்ந்தது பலர் காதுக்கு எட்டவில்லை. அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிலையத்தார், நோய் விட்டுவிட்டு வராமல் படிப்படியாக முற்றும் வகையினருக்கு இதே மருந்தைக் கொடுத்துச் சோதித்தனர். பெற்றவர் ஒன்பது பேர். அவர்களுள் மூவருக்கு ஊனம் முன்னைவிடப் பன்மடங்கு விரைவாகப் பெருகியது. அப்பகுதிச் சோதனையை உடனே நிறுத்தி, 2024 இல் அதனை அறிவித்தனர். ஒருவகை நோயாளியின் நரம்புக்கு உதவக்கூடிய மருந்து, மற்றொரு வகையினரின் காலைப் பறிக்கவும் கூடும்! எந்த வகை என்பதை நரம்பியல் மருத்துவரன்றி மருந்துக் கடைக்காரர் அறியார், நானும் அறியேன்.

அவிலும் கிளெமாஸ்டினும் ஒன்றல்ல. அதன் பெயரைச் சொல்லி இதை இரட்டிப்பாக விழுங்குவதில் தூக்கக் கலக்கமே மிஞ்சும். கால் மரத்தல், ஒரு கண் திடீரென மங்குதல், காரணமற்ற தள்ளாட்டம் ஆகியன தோன்றினால் மதுரை அல்லது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், தும்மலுக்கு வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.