மாத்தளை யாருடைய ஊர்?

மாத்தளையின் வரலாற்றைக் கூறுவோரிற் பலர் இரண்டு காட்சிகளோடு நிறுத்திக்கொள்கின்றனர். கி.மு. முதலாம் நூற்றாண்டில் அலுவிகாரையில் திரிபிடகம் எழுத்துருப் பெற்றமை ஒன்று. 1848இல் வெடித்த கிளர்ச்சி மற்றொன்று. இரண்டும் போற்றத்தக்கனவே. ஆயின், இம்மலையடிவாரப் பட்டினத்தை உழைத்து உருவாக்கியோர் யாவர் என்னும் வினாவுக்கு இவை விடையாகா.

தென்னிந்தியாவில் வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்திய மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளையை வந்தடைந்தனர். பசியும் காய்ச்சலும் வாந்திபேதியும் வழிநெடுகப் பலரைப் பலிகொண்டன. எஞ்சியோரின் உழைப்பே கோப்பித் தோட்டமாயிற்று. தோட்டத்தின் செல்வமே கடைத்தெருவாயிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1880இல் புகையிரதம் வந்தது. தொழிலாளி தேயிலைக்கும் இறப்பருக்கும் கொக்கோவுக்கும் மாற்றப்பட்டான். அவனது லயம் மட்டும் மாறவில்லை.

1848இன் கிளர்ச்சியையும் இதனோடு சேர்த்தே படித்தல் வேண்டும். உரிமை நிறுவ இயலாத காட்டையும் சேனையையும் 1840ஆம் ஆண்டுச் சட்டம் முடிக்குரியனவாக்கியது. ஆறு நாள் ஊதியமின்றி வீதி வேலை செய், அன்றேல் மூன்று சிலிங் செலுத்து என்றது தேசாதிபதி டொரிங்டனின் வீதிச் சட்டம். அவ்வீதிகள் யாருக்கு? தோட்டத்துரைமாரின் கோப்பிக்கே! எதிர்த்து நின்ற புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். சிங்கள விவசாயியின் நிலத்தைப் பறித்த கையே தமிழ்த் தொழிலாளியின் உழைப்பையும் பறித்தது.

இவ்வுண்மை மறைக்கப்பட்டதனாலன்றோ, 1948இல் தொழிலாளரின் பிரஜாவுரிமையைப் பறிக்க முடிந்தது? 1983 யூலையில் இப்பட்டினத்துத் தமிழர் கடைகள் எரிந்தபோது, எரித்தவனுக்கு அயலவன் அந்நியனாகத் தோன்றியமையும் இதனாலேயே. நம்மவரும் குற்றமற்றவரல்லர். பிரஜாவுரிமையைப் பறித்த சட்டங்களுக்குக் கைதூக்கிய தமிழ்த் தலைவர்களும் இருந்தனர். முத்துமாரியம்மன் தேரின் அழகை வியக்கும் தமிழறிஞர் எத்தனை பேர், அதன் வடத்தைப் பற்றிய கைகளின் காய்ப்பைக் கண்டனர்?

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தனர், முன்னோரை நினைவுகூர்ந்தனர், காணியும் சமவுரிமையும் கேட்டனர். இருநூறு ஆண்டுகள் உழைத்த பின்னரும் காணி கேட்டு நடக்கவேண்டிய நிலை யாருக்கு வெட்கம்?

ஆசிரியராகிய நாம் இனியேனும் 1848ஐக் கற்பிக்கும்போது, வீதி போட மறுத்தவனையும் அவ்வீதியில் நடந்து மாண்டவனையும் ஒரே பாடத்தில் வைப்போம். மாத்தளை அவ்விருவருடைய ஊர்.