தறிக்குழியில் பிடிக்கும் தொடைக்கு வாழைப்பழம் மருந்தா?

ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறவர் யாராவது தொடையில் குரக்களி பிடிக்கிறது என்றால், கேட்பவர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "உப்புச்சத்து குறைஞ்சிருக்கு. தண்ணி குடிங்க, வாழைப்பழம் சாப்பிடுங்க." மாதக்கணக்கில் விடாமல் வரும் பிடிப்பை இந்த யோசனை தீர்ப்பதில்லை. இதையே நம்பி இருப்பவர்கள் வேறு காரணத்தைத் தேடுவதுமில்லை.

வியர்த்துக் கொட்டும் வேலையில் உப்பு இழப்பால் தசை இழுப்பது உண்டு. 1920களில் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர்களுக்கு உப்புநீர் கொடுத்துப் பலன் கண்டார்கள். ஆனால் உப்புக்குறைவு உடம்பு முழுவதற்கும் பொதுவானது. அது மிதி அமுக்கும் காலின் தொடையை மட்டும் பொறுக்கியெடுத்துப் பிடிக்குமா? நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியாளர்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நீரிழப்பிலோ சோடியத்திலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வாழைப்பழத்தின் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறவே அரை மணி நேரத்துக்கு மேலாகும், ஏறுவதும் சொற்பம். வயதானவர்களின் பிடிப்பை மெக்னீசியம் மாத்திரை தடுக்க வாய்ப்பில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் 2020இல் சொல்லிவிட்டது.

அப்படியானால் தறியைப் பார்க்க வேண்டும். நெசவாளர் பலகையில் உட்கார்ந்து, காலைக் குழியில் இறக்கி, இடுப்பும் முட்டியும் மடிந்த நிலையிலேயே நாள் முழுக்க மிதிக்கிறார். சேலையில் உருவம் எடுக்க உதவும் ஜக்கார்டு பெட்டியைத் தூக்கும் மிதி என்றால் பாரம் இன்னும் கூடுதல். அமுக்கிய காலை மேலே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் முன்தொடைத் தசை, நீளவே வழியில்லாமல், குறுகியபடியே சுருங்குகிறது. பின்தொடையைப் பலகையின் விளிம்பு அழுத்துகிறது. களைத்துப்போன தசை குறுகிய நிலையில் சுருங்கும்போது, அதைச் சுருங்கச் சொல்லும் நரம்புத் தூண்டல் ஓங்கி, அடக்கும் தூண்டல் தளர்ந்துவிடுகிறது. தசைப்பிடிப்புக்கு இன்று பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் இது. ராத்திரி புரண்டு படுத்து முட்டியை மடக்கும்போது பின்தொடை சுண்டி இழுப்பதும் இதனோடு பொருந்துகிறது.

"நரம்பு சுருண்டுக்கிச்சு, நல்லா உருவி விட்டா சரியாயிடும்" என்பது அடுத்த கருத்து. நரம்பு சுருள்வதில்லை, சுருங்குவது தசைதான். எண்ணெய் தேய்த்து இதமாகத் தடவினால் இறுக்கம் தளரும், அந்தச் சுகம் பொய்யல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம் எனப்படும் தடவுமுறையைப் பயிற்சி பெற்றவரிடம் செய்துகொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிடித்த நேரத்தில் தசையை விடுவிப்பது நீட்சிதான். முன்தொடை என்றால் சுவரைப் பிடித்து நின்று குதிகாலைப் பிட்டத்தோடு சேர்த்து இழுக்க வேண்டும். பின்தொடை என்றால் முட்டியை நீட்டி முன்னால் குனிய வேண்டும். நெதர்லாந்தில் 2012இல் வெளியான ஆய்வில், படுக்கப்போகும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் 6 வாரம் நீட்டிப் பழகிய முதியவர்களுக்கு இரவுப் பிடிப்பு குறைந்தது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் மட்டும் உருவவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம்.

"வயசானா வரும், தாங்கிக்க வேண்டியதுதான்" என்பது என்னைக் கோபப்படுத்தும் பேச்சு. நீர் பிரியக் கொடுக்கும் ரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை, சர்க்கரை நோய், தைராய்டு, இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நரம்பு அழுந்துவது, கால் ரத்தக்குழாய் அடைப்பு எல்லாமே காரணமாகலாம். கொஞ்ச தூரம் நடந்ததும் பிடித்து, நின்றால் விடுகிறதா என்று கவனித்துச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும். மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

தறியிலும் மாற்றம் வேண்டும். பலகை விளிம்பில் மடித்த துணி போடலாம், மிதியின் உயரத்தை அவரவர் காலுக்குச் சரிசெய்யலாம், ஒரு பாவு நூல் அறுந்து எழுந்திருக்கும் போதெல்லாம் காலை நீட்டிவிடலாம். ஜக்கார்டைத் தூக்க மோட்டார் பொருத்தினால் தொடையின் பாரம் வெகுவாகக் குறையும். தறிக்கருவிகளுக்கு மானியம் தரும் கைத்தறித் திட்டங்கள் இருக்கின்றன. நெசவாளர் சங்கங்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டிய கருவி இந்த மோட்டார்தான்.